பகலில் தூங்க ஒரு கட்டடம்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் நானும் அத்தானும் நன்றாக இருக்கிறோம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் குறைந்தபாடில்லை. அவர் ஓய்வு பெற்றாலும் அது இன்னும் வேலை பார்க்கிறது. நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை. காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான்.

அப்பாவின் ஐஸ் பாக்டரிக் கதவில் நகராட்சிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறதாம், ஆபத்தாம். இந்த வருடம் முடிவதற்குள் உரிமம் வாங்கி ஏதாவது ஒரு தொழிலுக்குக் கொண்டுவராவிட்டால் இடித்துவிடுவார்களாம். சொத்து நம் இருவர் பேரிலும் இருப்பதால் விண்ணப்பத்தில் இருவர் கையெழுத்தும் வேண்டும்.

நேற்று சாமி கும்பிட்டுவிட்டுப் போய்ப் பூட்டைத் திறந்தேன். திறந்தேன் என்பது ஒரு மரியாதைக்கு. பூட்டுக்காரர் வந்து அறுத்தார். ஒரு பெரிய கூடம், சுற்றி நான்கு அறைகள். ஒரு ஜன்னல் கிடையாது. சுவர் என் கை நீளத்துக்குத் தடிமன். ஐஸ் போன பிறகும் குளிர்ச்சி போகவில்லை. கதவைச் சாத்தினால் தெருவில் லாரி போவதுகூடக் கேட்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இதை நான் நடத்த ஆசைப்படுகிறேன். உன்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். என்னை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திச் சமையலறைக்கு அனுப்பினார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று இத்தனை காலமும் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். வருத்தம் இருக்கிறது. ஒரு வீட்டின் வரவு செலவை ஓட்டை விழாமல் கொண்டுபோனவளுக்கு ஒரு கட்டடத்தை நடத்தத் தெரியுமா தெரியாதா என்று பார்த்துவிட வேண்டும். என்ன தொழில் வைக்கலாம், சொல். நிர்வாகம் படித்தவன் நீதானே.

உன் மனைவியை ஏன் இப்போதெல்லாம் போன் பக்கமே காணோம்? எப்போது கேட்டாலும் "குளிக்கிறா" என்கிறாய். இவ்வளவு குளித்தால் உடம்புக்கு ஆகாது என்று சொல்.

பாசத்துடன்,
அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். எனக்குக் கம்பெனியில் புதுப் பொறுப்பு, மூச்சுவிட நேரமில்லை. அத்தானுக்கு நான் அனுப்பிய முழங்கால் பட்டையைக் கட்டுகிறாரா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாரா?

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. திட்டம் தயார், ஒன்பது பக்க வரைபடம் இத்துடன். அதைப் பொது அலுவலகமாக மாற்றுகிறோம். தனி இடம் எடுக்க வசதியில்லாத சின்னக் கம்பெனிகள் மேசைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து உட்காரும். நாற்பது பேர் தாராளமாக உட்காரலாம். நீ மேலாளர், நான் தலைமை நிர்வாகி.

முதல் வேலை ஜன்னல். தெருப்பக்கச் சுவரில் ஆறு ஜன்னல், ஒவ்வொன்றும் ஆள் உயரம். வெளிச்சம்தான் எல்லாம், அக்கா. வெளிச்சம் இல்லாத இடத்தில் மனிதன் மனிதனாக இருக்க முடியாது. காலையில் வந்து உட்கார்ந்ததும் வெயில் மேசை மேல் விழ வேண்டும். மற்றதெல்லாம் பிறகு. நாளைக்கே மேஸ்திரியைக் கூப்பிடு.

அவசரத்துடன்,
தம்பி

மார்ச் 22

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவன் காப்பாற்றியதால் நாங்கள் நலம். எதிலிருந்து என்பதைக் கீழே படி.

ஒன்பது பக்கமும் பார்த்தேன். ஒவ்வொரு ஜன்னலின் நிழலும் எந்தப் பக்கம் விழும் என்றுகூட வரைந்திருக்கிறாய். கழிப்பறையை மட்டும் காணோம். உன் நாற்பது பேரும் எங்கே போவார்கள், ஜன்னல் வழியாகவா? இன்னொன்று, தெருப்பக்கம் மேற்கு. காலை வெயில் அங்கே எப்படி விழும்? தலைமை நிர்வாகி சூரியனுக்கும் உத்தரவு அனுப்பியிருக்கிறாரா?

இருந்தாலும் படித்தவன் சொல்கிறானே என்று மேஸ்திரியைக் கூப்பிட்டேன். மேற்கு அறைச் சுவரில் உட்பக்கமாக நான்கு செங்கல் எடுத்திருப்பார், உள்ளேயிருந்து மரத்தூள் பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது.

"அம்மா, சுவருக்கு வயித்தால போகுது!" என்று கத்தினார்.

"கைய வச்சு அடைங்க!"

"எத்தனை கைய வைக்கிறது? கடவுள் ரெண்டுதான் குடுத்திருக்கார்!"

கொட்டுவது நின்றபோது தூள் அவர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அவர் தும்மிய தும்மலில் பாக்கித் தூளும் கிளம்பி, இரண்டு பேரும் மாவில் புரட்டியெடுத்த மாதிரி தெருவில் வந்து நின்றோம். பார்க்க ஒரு கூட்டம்.

நான் சும்மா இருப்பேனா? எல்லாவற்றையும் வாரி மூட்டை கட்டி, கோழிக்கு அடியில் பரப்ப என்று ஒரு கோழிப்பண்ணைக்காரருக்கு விற்றுவிட்டேன். கூலி போகக் கையில் கொஞ்சம் நிற்கிறது. உன் திட்டத்தில் இதுவரை வந்த ஒரே வருமானம் இதுதான் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

உன் மனைவி குளித்து முடித்தாளா?

அக்கா

ஏப்ரல் 7

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீ நலமாக இருப்பாய், சந்தேகமில்லை.

அக்கா, நீ விற்றது குப்பை இல்லை. சுவர். அது இரட்டைச் சுவர். நடுவில் மரத்தூள் அடைத்திருப்பதால்தான் அந்தக் குளிர்ச்சி, அந்த அமைதி, எல்லாம். வீட்டை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன், நிலத்தை விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவரை மூட்டை கட்டிக் கோழிக்கு விற்ற ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

போனது போகட்டும். மற்ற ஐந்து ஜன்னலையும் உடனே திறக்கச் சொல். தூள் போனாலும் வெளிச்சம் வரும்.

தம்பி

ஏப்ரல் 30

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமாக இருக்க நீ விட்டால் இன்னும் நலம்.

நான் சுவரை விற்றேன், சரி. விற்கும்படி அதை உடைக்கச் சொன்ன மகராசன் யார்? உன் கடிதம் வருவதற்கு முன்பே அந்த மேற்கு அறை எனக்குச் சொல்லிவிட்டது. உள்ளே நின்றால் அடுப்புக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. கோழிப்பண்ணைக்காரரிடம் போய்த் திருப்பிக் கேட்டேன். "தாராளமா எடுத்துக்கோங்கம்மா. ஆனா கோழிங்க அதுல குடும்பம் நடத்த ஆரம்பிச்சிடுச்சு" என்றார். கடைசியில் மர அறுவை மில்லில் புதுத்தூள் வாங்கி அடைத்து, ஓட்டையைப் பலகையால் மூடியிருக்கிறோம். இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படி.

எதிர்ச் சாரியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதல்லவா? இரவு டியூட்டி முடித்த நர்ஸ் ஒருத்தி போன வாரம் ஒரு காலையில் வந்து, பஸ் வரும்வரை உட்காரட்டுமா என்று கேட்டாள். கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தது. பின்னறையில் தூள் மூட்டை மேல் உட்காரச் சொன்னேன். அது தெரியாமல் மேஸ்திரி கதவைச் சாத்திவிட்டார். நானும் மறந்துபோனேன். சாயங்காலம் பூட்டப் போனபோது பார்த்தால், மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

"ஐயோ, மணி என்னம்மா?"

"அஞ்சு."

"காலைலயா?"

"சாயங்காலம்டி!"

அவள் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். "சத்தியமா சொல்றேன்ம்மா, இப்படித் தூங்கி எத்தனை நாளாச்சு. வீட்ல பகல்ல கண்ண மூடினா காலிங் பெல்லு, குக்கர் விசிலு, மேல் வீட்ல ட்ரில்லிங்கு. நாளைக்கும் வரட்டுமா?"

"இது லாட்ஜ் இல்லம்மா."

"எந்த லாட்ஜ்லம்மா இவ்வளவு இருட்டு கிடைக்கும்?"

மறுநாள் போர்வையோடு வந்தாள், கூட இன்னும் இரண்டு பேர். மேஸ்திரி என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார். "சுத்தியல மெதுவா அடிக்கணுமாம்மா. மெதுவா அடிச்சா அதுக்குப் பேரு சுத்தியலா?"

அன்று கும்பிட்டு எழுந்திருக்கும்போது எனக்குப் புத்தியில் பட்டது. ஜன்னல் இல்லாததை இந்தக் கட்டடத்தின் குறை என்று நினைத்து உடைத்துக்கொண்டிருக்கிறோம். நம் சரக்கே அதுதான்! இரவெல்லாம் விழித்து வேலை பார்க்கிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர். நர்ஸ், பஸ் டிரைவர், காவல்காரர், ரொட்டி அடுப்பில் நிற்கிறவர். பகலில் இவர்கள் தூங்க ஓர் இடம் உண்டா? நாம் கொடுப்போம். கட்டில், சுத்தமான விரிப்பு, இருட்டு, அமைதி. விண்ணப்பம் இத்துடன். நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீயும் போட்டு அனுப்பு.

அக்கா

மே 18

அக்கா,

முடியாது.

பட்டப்பகலில் மனிதர்களை இருட்டில் படுக்கவைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதை நீ வசதி என்கிறாய். அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. ஜன்னல் வந்தால் கையெழுத்து வரும்.

தம்பி

ஜூன் 12

தம்பிக்கு,

நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. அத்தானை விசாரிக்கவில்லை. தந்தி மாதிரி நாலு வரி. நான் உன் ஆபீஸ் பியூன் இல்லை, அக்கா.

எனக்குத் தெரியாதாம்! கண்ணாடிச் சுவருக்கு முன்னால் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற உனக்கு மட்டும் எப்படித் தெரியும்? இங்கே வந்து அந்தப் பெண்கள் தூங்குகிற முகத்தைப் பார். பிறகு பேசு.

உனக்காக நான் காத்திருக்கவும் இல்லை. பெண்களுக்கு இரண்டு அறை, ஆண்களுக்கு ஒன்று. கழிப்பறை கட்டி முடித்தாயிற்று, உன் வரைபடத்தில் இல்லாவிட்டாலும். கட்டில்களைப் பழைய விடுதி ஒன்றில் பேரம் பேசி எடுத்தேன். விதிமுறையும் எழுதி மாட்டியிருக்கிறேன். போனை வாசலில் கொடுத்துவிட வேண்டும். உள்ளே பேச்சுக் கூடாது. காலையில் வருகிறவர்கள் நாலு மணிக்குக் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். நள்ளிரவு டியூட்டிக்காரர்கள் அதற்கு மேல் வருவார்கள். எழுந்திருக்காதவர்களை நானே தோளைப் பிடித்து உலுக்குகிறேன். என்னைப் பார்த்தால் ஆஸ்பத்திரி தலைமை நர்ஸைவிடப் பயமாக இருக்கிறதாம். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

ஒரு பைசா வாங்கவில்லை. உரிமம் இல்லாமல் வாங்கினால் சாமிக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதனால் கையெழுத்துப் போடு. இது இரண்டாவது படிவம்.

அக்கா

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? போனையும் எடுக்கவில்லை, கடிதமும் இல்லை.

நகராட்சி அதிகாரி வந்து எல்லா அறையையும் சுற்றிப் பார்த்தார். இரண்டாவது அறையிலேயே கொட்டாவி விட்டார். "அருமையான இடம்தாம்மா. ஆனா இன்னொரு கையெழுத்து இல்லாம நான் என்ன செய்யிறது?" என்றார். வருடக் கடைசியில் இடிக்க, அக்டோபர் தாண்டியதுமே ஆட்களுக்கு வேலையை ஒப்படைத்துவிடுவார்களாம்.

இது மூன்றாவது படிவம். போட மனமில்லை என்றால் அதையாவது எழுது. என் வாழ்க்கையில் எனக்கென்று நான் கேட்டது இந்த ஒன்றுதான்.

அக்கா

ஆகஸ்ட் 27

அண்ணிக்கு வணக்கம்.

நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நான் எந்நேரமும் குளித்துக்கொண்டிருப்பவள் இல்லை, அண்ணி. எனக்குப் பொய் வராது என்று உங்கள் தம்பிக்குத் தெரியும். அதனால்தான் என்னைப் போன் பக்கம் விடுவதில்லை.

போன வருடமே ஆட்குறைப்பில் அவருக்கு வேலை போய்விட்டது. உங்களுக்கு "புதுப் பொறுப்பு" என்று எழுதினாரே, அது ஊருக்கு வெளியே ஒரு சரக்குக் கிடங்கில் இரவு மேற்பார்வை. அங்கே ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. இருட்டும்போது போகிறார், விடிவதற்குள் வருகிறார். பகலில் தூக்கம் வருவதில்லை. திரை போட்டோம், காதில் பஞ்சு வைத்தோம், மாத்திரையும் போட்டுப் பார்த்தோம். ஒரு மணி நேரம் கண்ணை மூடினால் பெரிது. மற்ற நேரமெல்லாம் படுத்தபடியே உங்கள் கட்டடத்துக்கு ஜன்னல் வரைகிறார். முதலில் ஆறு வரைந்தார். இப்போது பதினொன்று ஆகிவிட்டது.

சொல்லிவிடுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். "என்னைப் படிக்க வைக்கத்தான் அவளை நிறுத்தினாங்க. அவகிட்ட நான் மேனேஜராவே இருந்துட்டுப் போறேன்" என்கிறார்.

நீங்கள் அனுப்பிய படிவங்கள் பத்திரமாக இருக்கின்றன. நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம், அண்ணி.

உங்கள் தம்பி மனைவி

செப்டம்பர் 8

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். அத்தான் உன் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் கடைக்குப் போகிறார். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் மேல் உள்ள கோபம் தீரவில்லை, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒரு விஷயத்தில் நீ சொன்னது சரி. இதை எழுதுவதற்குள் பேனாவை நான்கு தடவை கீழே வைத்துவிட்டேன்.

இங்கே தூங்குகிற பெண்கள் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடுவார்கள். பஸ்ஸைப் பார்க்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். நேற்று அந்த முதல் நர்ஸைக் கேட்டேன். "வெயில் மிச்சம் இருக்கான்னு பாக்குறோம்மா. இருந்தா கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போலாம்னு" என்றாள். இத்தனை மாதமாகத் தினமும் பார்த்தும் எனக்கு அது தோன்றவே இல்லை.

அதனால் மேற்கு அறையில் பலகையை எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்த அறையில் கட்டில் கிடையாது. சுவர் முழுக்க ஜன்னல். எழுந்தவர்கள் டீயோடு உட்கார்ந்து, சாயங்கால வெயில் மேலே படக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வேலைக்குப் போகட்டும். தூங்குகிற அறைகளில் ஒரு ஊசி ஓட்டைகூட விழக் கூடாது, அதில் நான் இறங்கிவர மாட்டேன்.

ஜன்னலுக்கு அளவு சொல்ல உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை. வரைந்து அனுப்பு. இந்தத் தடவை ஒரு பக்கம் போதும்.

பாசத்துடன்,
அக்கா

அக்டோபர் 3

அன்புள்ள அக்கா,

நலம். கையெழுத்துப் போட்ட படிவம் இத்துடன். மூன்றிலும் போட்டுவிட்டேன், எதற்கும் இருக்கட்டும்.

ஜன்னல் வரைபடம் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, நான்காகிவிட்டது. சுவரை வெட்டுவதற்கு முன் மேலே இரும்பு உத்தரம் ஏற்றியாக வேண்டும். மேஸ்திரி "பாத்துக்கலாம்மா" என்று சொன்னால் நம்பாதே. வெட்டிய ஓரங்களில் தூள் கொட்டாமல் தகரம் அடித்து மூடச் சொல், இல்லாவிட்டால் மறுபடி கோழிப்பண்ணைதான்.

நிர்வாக ரீதியாகச் சில சந்தேகம். ஆண்கள் அறையில் இடம் இருக்கிறதா? வெளியூர்க்காரர்களைச் சேர்ப்பாயா? ஒரு ஆள் இவ்வளவு நேரம்தான் தூங்கலாம் என்பதில் தளர்வு உண்டா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

நவம்பரில் எனக்கு இரண்டு வாரம் லீவு கிடைக்கும்போல் இருக்கிறது.

தம்பி

நவம்பர் 16

கண்ணு,

கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். உன் வீட்டுக்காரன் இன்று காலை பத்திரமாக வந்து சேர்ந்தான்.

ஸ்டேஷன் வாசலில் பெட்டியைக் கீழே வைத்தவன் தூக்கவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான் அப்போதுதான் கேட்கிறவள் மாதிரி கேட்டுக்கொண்டேன். நீ எழுதியது அவனுக்குத் தெரியாது, பயப்படாதே. "இனிமே என்னைப் பத்தி என்ன நினைப்ப?" என்றான். "கழிப்பறை வரையாத இன்ஜினியர்னு நினைப்பேன்" என்றேன். "நான் இன்ஜினியர் இல்லக்கா, மேனேஜ்மெண்ட்" என்றான். "அதான் வரையல" என்றேன். அப்புறம்தான் பெட்டியைத் தூக்கினான்.

தூக்கியவன் சும்மா வந்தானா? உரிமம் வந்து புதிதாக மாட்டிய போர்டு சாய்ந்திருக்கிறதாம். கதவுக் கீல் கிரீச்சிடுகிறதாம். விரிப்புக்கு வெள்ளை வைத்தது நிர்வாகத் தவறாம். எனக்குப் பொறுமை போய்விட்டது. மேற்கு அறை ஜன்னலில் மட்டும் அவனுக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை. கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "உத்தரம் வச்சிருக்காங்க" என்றான், அவ்வளவுதான்.

பிறகு, "வாடிக்கையாளர் பார்வையில கட்டிலையும் ஒரு தடவை சோதிச்சுப் பாக்கணும்" என்றான். "சோதி" என்றேன். சோதிக்கப் படுத்தவன், காலில் ஷூவோடு அப்படியே தூங்கிவிட்டான். நான்தான் கழற்றினேன். அது தெரியவில்லை அவனுக்கு.

நாலு மணி தாண்டிவிட்டது. என் விதிமுறைப்படி யாருக்கும் ஒரு நிமிடம் கூடுதல் கிடையாது. அடுத்துத் தூங்க வந்த ஆட்கள் அறை வாசலில் சேர்ந்துவிட்டார்கள். ஆண்கள் அறையில் காலியாகாத கட்டிலைப் பார்த்துவிட்டு, அந்த முதல் நர்ஸ் என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

"யாரும்மா அது? இன்னும் எழுப்பலயா?"

"ஓனர்."

"ஓனர்னா ரூல் கிடையாதா? அன்னிக்கு என்னை மட்டும் தோளைப் பிடிச்சு அந்த உலுக்கு உலுக்கினீங்களே!"

"கத்தாதடி. என் தம்பி. நைட் டியூட்டி. தூங்கி ஒரு வருஷம் ஆகுது" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. கதவோரம் நின்று ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பாதம் தரையில் படுகிறதோ இல்லையோ என்று நடந்து போய்விட்டாள். அவளைப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக, என்ன ஏது என்று கேட்காமல், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

உன்
அண்ணி